நீங்களே வெட்டுங்க

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் கஸ்டமர் கேர்காரர்களோடு பேசிய விதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்பார். மறுமுனையில் ஒருவர் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்.

"மேடம், மோடத்தை ஒரு முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

"ஏழு தபா பண்ணியாச்சு நைனா. எட்டாவது தபா நீ வந்து பண்ணு."

"எங்க சைடுல லைன் கிளியரா காட்டுது மேடம்."

"உன் சைடுல கிளியரு. இங்க இந்தப் பொண்ணுக்கு வேல போவப்போவுது. ரெண்டுல ஏதோ ஒண்ணு பொய்யி. எதுன்னு தெரியாம நான் போன வெக்க மாட்டேன்."

அந்தப் பொண்ணு நான்தான்.

சாஸ்திரி நகரில் கடல் பக்கம் போகிற ஒரு தெருவில், பதினாறு வீடுகள் கொண்ட அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் அப்போது வாடகைக்கு இருந்தோம். தரமணியில் இருந்த என் அலுவலகம் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. இணைப்பு அறுந்தால் திரை உறைந்துவிடும். அப்படி உறைந்த நிமிஷங்களையெல்லாம் நான் நாற்காலியில் இல்லாத நிமிஷங்களாக அவர்களுடைய கணினி குறித்துக்கொள்ளும். என் கணவர் நடத்திய டிராவல்ஸ் படுத்துவிட்டதால் வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து ஒரு நாளைக்குப் பத்து தடவை இணைப்பு அறுந்தது. இணையக் கம்பெனியிலிருந்து மூன்று முறை ஆள் வந்தார். மூன்று முறையும் டெஸ்டரைச் செருகி, எட்டுப் பச்சை விளக்குகள் எரிவதைக் காட்டி, "கேபிள் சூப்பரா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

கீழ்வீட்டு மாமிதான் அக்காவின் நம்பரைக் கொடுத்தார். மாமி வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு, தனியாக இருந்தார். "எங்காத்துல அவதான் சரி பண்ணிக் குடுத்தா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா பார்க்காம ஒரு வார்த்தை சொல்லமாட்டா" என்றார்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. கழுத்தில் வலைக்கயிற்றில் கோத்த டெஸ்டர் தொங்கும். எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிற ஊரூர் குப்பத்திலிருந்து வருவார். எங்கள் வாட்ச்மேன் வேலைக்கு வருகிறவர்களின் பெயரை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு ஊர்க் கட்டத்தைக் காலியாக விடுவார். அக்கா பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் "ஊரூர் குப்பம்" என்று தானே எழுதுவார், கட்டத்தை விட்டு வெளியே வருகிற அளவுக்குப் பெரிய எழுத்தில். அவர் பெயரை இங்கே நான் போடவில்லை. கேட்டபோது, "எழுதுறதுன்னா எழுது. பேரு போடாத. அப்பால தெரிஞ்சவன்னு சொல்லிக்கினு பாதி மெட்ராஸு வந்து நிக்கும்" என்றார்.

முதல் நாள் வந்ததும் அவர் எதையும் தொடவில்லை. எப்போதெல்லாம் அறுகிறது, மழை நாளிலா வெயிலிலா, யாராவது மேசையை இடித்தார்களா என்று கேட்டார். பிறகு கணினிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சின்ன வயரைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைப் போட்டார். பத்து நிமிஷத்தில் மறுபடி அறுந்தது. "இது இல்ல" என்று சொல்லி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். கரண்ட் மீட்டர்கள் இருக்கிற அறையில்தான் எல்லா வீட்டுக்கும் இணையம் பிரிகிற பெட்டி இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு லேப்டாப்பைப் பெட்டியிலேயே செருகினார்.

"இங்க உக்காந்து வேல பாரு."

"இங்கேயா?"

"உன் வூட்டு நாற்காலியில உக்காந்தாத்தான் ஆபீஸுக்காரன் ஒத்துக்குவானா?"

பதினாறு மீட்டர்களும் தலைக்கு மேல் ஓட, காதில் ஹெட்செட்டோடு இரண்டு மணி நேரம் அங்கே வேலை பார்த்தேன். ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் அந்தப் பக்கம் வந்தவர் கதவருகில் நின்றுவிட்டார்.

"இது காமன் ஏரியாம்மா. இங்க ஆபீஸ் போட்டுட்டீங்களா?"

"ஆபீஸு இல்ல சார், ஆஸ்பத்திரி" என்றார் அக்கா. "உங்க வயருக்கு ஜொரம் பாத்துக்கினு கீறோம்."

பெட்டியில் கோளாறு இல்லை, மேசையிலும் இல்லை. அப்படியென்றால் நடுவில், சுவருக்குள் போகிற கேபிளில்தான் என்றார். டெஸ்டரின் ஒரு பாதியைக் கீழேயும் மறுபாதியை எங்கள் வீட்டுச் சுவரிலும் செருகினார். எட்டு விளக்கும் எரிந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாம் எரியுதேக்கா."

"எரியுதுன்னு சொல்லு. நல்லா கீதுன்னு சொல்லாத."

சுவரிலிருந்து நீண்ட கேபிளை இரண்டு விரல்களால் மெல்ல இழுத்தார். மூன்றாவது விளக்கு அணைந்தது. விட்டார், எரிந்தது. சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். வயர்களின் முனைகள் எல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தன. கெட்ட முனையை வெட்டிவிட்டு, எட்டு இழைகளையும் விரலால் நீவி வரிசையாக வைத்தார். ஆரஞ்சுவெள்ள, ஆரஞ்சு, பச்சவெள்ள, நீலம், நீலவெள்ள, பச்ச, காபிவெள்ள, காபி. வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்தார். பழுப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. நாலாவது வாரம் பழையபடி அறுந்தது. இந்த முறை அக்கா முனையைச் சரிசெய்துவிட்டுப் போவதாக இல்லை. வெட்டிய துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. இரண்டு முறை மடித்தார். ஒடிந்தது.

"இது செம்பே இல்ல. அலுமினியத்து மேல செம்பு பூசிக் குடுத்துக்கிறான். கடல் காத்துக்கு இது எத்தினி நாள் தாங்கும்? நான் முனைய வெட்டி வெட்டிப் போட்டா உன் கேபிளு தீந்துடும், நோவு தீராது."

இரண்டு வருஷத்துக்கு முன் சங்கம்தான் பதினாறு வீட்டுக்கும் அந்தக் கேபிளைப் போட்டிருந்தது. ஆளைப் பிடித்து வந்தவர் செயலாளர். கேபிளின் மேலுறையில் செம்பு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

இந்தச் சுரண்டிப் பார்க்கிற புத்தியால் அக்கா ஏற்கெனவே ஒரு வேலையை இழந்திருந்தார். அதை அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். பெருங்குடியில் ஒரு தொழிற்கூடத்தில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கேபிள்களுக்கு முனை மாட்டுவார்களாம். ஒருநாள் இவர் செய்த தட்டு முழுவதையும் மெஷின் தவறு என்று காட்டியது. சூப்பர்வைசர் தட்டைக் குப்பையில் கொட்டச் சொன்னார். அக்கா கொட்டவில்லை. தட்டைத் தூக்கிப் போய்ப் பக்கத்து வரிசை மெஷினில், எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாகச் செருகிக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தன. முதல் மெஷினின் துளைதான் தேய்ந்துபோயிருந்தது. மெஷினை மாற்றினார்கள். அடுத்த மாதம் அக்காவை வேலைக்குக் கூப்பிடவில்லை.

"மெஷினு மேல தப்புன்னு சொன்னேன். மெஷினுக்குக் கோவம் வரல, அந்தாளுக்கு வந்திச்சி" என்றார்.

ஆனால் அவர் அடுத்தவர்களை மட்டும் இப்படிக் குடைகிறவர் இல்லை. மாமி வீட்டில் நடந்ததை மாமி எனக்குச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை போனபோது, கேபிள் நசுங்கியிருக்கிறது என்று சொல்லி அக்கா புதுசு போட்டுவிட்டு வந்துவிட்டார். மறுநாளும் மாமியால் பெங்களூரில் இருக்கிற மகளோடு பேச முடியவில்லை. மாமி போன் செய்வதற்கு முன்னாலேயே அக்கா வாசலில் வந்து நின்றாராம். "மாமி, நேத்து நான் சொன்னது தப்பு. ராவெல்லாம் யோசிச்சேன். உங்க இன்வெர்ட்டரு வயரும் இதுவும் ஒண்ணா கட்டிக் கீது. அத நான் பாத்தேன், பாத்துட்டு வுட்டுட்டேன்." இரண்டையும் பிரித்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். அதன் பிறகு தொந்தரவு இல்லை. "என் சர்வீஸ்ல எத்தனை ஆபீசரைப் பார்த்திருக்கேன். ஒருத்தர் வாசப்படி ஏறி வந்து தப்புன்னு சொன்னதில்லை" என்பார் மாமி.

எங்கள் வீட்டு வயரைச் சுரண்டிய பிறகு மூன்றாவது மாடியிலும் நாலாவது மாடியிலும் இருந்தவர்கள் அக்காவைக் கூப்பிட்டார்கள். அங்கேயும் அதே நோய்தான். அந்த வாரக் கடைசியில் கேட் பக்கத்துப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெளியாள் ஒருவர் கேபிள்களைச் சேதப்படுத்தி வேலை தேடிக்கொள்வதாகத் தெரியவருகிறது, அவரை உள்ளே அனுமதிக்கக் கூடாது, அனுமதிக்கும் வாடகைதாரர்கள் மீது வீட்டு உரிமையாளரிடம் புகார் செய்யப்படும். கீழே செயலாளரின் கையெழுத்து.

கடைசி வரி யாருக்கு என்று எனக்குப் புரிந்தது. அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி தட்டினேன். எங்கள் வீட்டு உரிமையாளர் ஏற்கெனவே வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். தட்டியதை அழித்துவிட்டேன். மாமி அப்போது பெங்களூரில் இருந்தார்.

விஷயம் தெரியாமல் அன்று காலை அக்கா மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தார். வாட்ச்மேன் பலகையைக் காட்டினார். அக்கா நோட்டீஸை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படித்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். நான் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். துணி எடுக்க வந்தவள் மாதிரி ஒரு துண்டை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த இரண்டு வாரங்களில் இணைப்பு மோசமானது. என் மேலாளர் போன் செய்து, "இன்னும் ஒரு மாசம்தான் என்னால தாக்குப்பிடிக்க முடியும். உங்க வீட்டுப் பிரச்சினையை நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. மாமி ஊரிலிருந்து திரும்பியிருந்தார். நோட்டீஸைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்.

"நான் பேசறேன். ஆனா வயரைப் பத்தி எனக்கென்ன தெரியும்? அவ வரணும். உங்காத்துலதானே ஆரம்பிச்சது, நீயே போய்க் கூட்டிண்டு வா."

குப்பத்தில் மீன் விற்கிற இடத்துக்கு எதிரே ஐஸ் பெட்டிகள் வைக்கிற ஒரு கடையின் தகரக் கூரை மேல் இருந்தார் அக்கா. கேமராவுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். கீழே நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தவில்லை.

"நீ கூப்புடுறியா, உங்க சங்கம் கூப்புடுதா?"

"நான்தான் கூப்பிடறேன்."

"கேட்டுல நோட்டுல எழுதுவேன். யார் வூட்டுக்குன்னு கேட்டா உன் வூட்டு நம்பரத்தான் எழுதுவேன். உன் வூட்டு ஓனருக்குப் போன் போவும். அப்பால அழுவக் கூடாது."

"எழுதுங்க."

அப்போதுதான் குனிந்து என்னைப் பார்த்தார். "எத்தினி மணிக்கு?" என்றார்.

கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. இருபது பேர் இருப்பார்கள். அக்கா என்னோடு உள்ளே வந்ததும் செயலாளர் எழுந்துவிட்டார்.

"இது உறுப்பினர்கள் கூட்டம். வெளியாட்களுக்கு இங்க இடமில்ல."

என் குரல் எனக்கே கேட்காது என்றுதான் நினைத்தேன். "எங்க வீட்டுக்கு வந்திருக்காங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றேன். சுவரில் மோதித் திரும்பி வருகிற அளவுக்குச் சத்தமாகவே வந்தது.

"நீங்க டெனன்ட்."

"நான் ஓனர்" என்றார் மாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே. "எங்காத்துக்கும் வந்திருக்கான்னு எழுதிக்கோங்கோ. என்ன சொல்றான்னு கேப்போமே."

அக்கா நிறையப் பேசவில்லை. பையிலிருந்து இரண்டு வயர்த் துண்டுகளை எடுத்தார். ஒன்று எங்கள் சுவரிலிருந்து வெட்டியது, இன்னொன்று புதுசு. பிளேடை மாமியிடம் கொடுத்து இரண்டையும் சுரண்டச் சொன்னார். புதுசு உள்ளேயும் செம்பாக இருந்தது. எங்களுடையது வெளுத்தது. துண்டுகள் கைமாறின. நாலாம் மாடிக்காரர் மடித்துப் பார்த்தார். ஒடிந்து தரையில் விழுந்தது.

செயலாளர் சிரித்தார். "இது நம்ம பில்டிங் கேபிள்தான்னு யார் சொன்னா? இவங்களே எங்கேயாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தோன்றியது. அக்கா கோபப்படவில்லை. தலையை ஆட்டினார்.

"கரெக்டு சார். நான் குடுத்தத நம்பாதீங்க."

இடுப்புப் பையிலிருந்து கட்டரை உருவிப் பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"ரூமு தொறந்துதான் கீது. பதினாறு வயரு தொங்குது. எது வேணுமோ நீங்களே காட்டுங்க, நீங்களே வெட்டுங்க. நான் கைய பின்னால கட்டிக்கினு நிக்கிறேன்."

செயலாளர் வாங்கவில்லை. அக்கா நீட்டிய கையை இறக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு ஸ்கூட்டர் கேட்டுக்குள் வந்து, நின்று, அணைந்தது. அவ்வளவு நேரமும் அந்தக் கை அப்படியே இருந்தது.

"இப்படிக் குடு" என்று மாமி எழுந்து வந்து கட்டரை வாங்கினார். எல்லோரும் மீட்டர் அறைக்குப் போனோம். அக்கா புதுசு போட்டபோது கழற்றாமல் விட்டிருந்த, தன் வீட்டு நம்பர் ஒட்டிய பழைய கேபிளை மாமி பிடித்து, ஒரு விரல் நீளம் வெட்டி, தானே சுரண்டினார். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து செயலாளரின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"வெள்ளை" என்றார்.

"கான்ட்ராக்டர் நம்மளை நல்லா ஏமாத்திட்டான்" என்றார் செயலாளர். குரல் இறங்கியிருந்தது. "சரி, புதுசா போடறதுக்கு யாரைக் கூப்பிடலாம்னு அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

"அது உங்க இஷ்டம்" என்றார் அக்கா. "மொதல்ல நோட்டீஸ எடுங்க."

செயலாளர் வாட்ச்மேனைப் பார்த்துக் கை காட்டினார்.

"அவரு ஒட்டல சார். அவரு பேரும் அதுல இல்ல."

இருபது பேரும் அந்தப் பலகையைப் பார்த்தோம். செயலாளர் நடந்து போனார். நாலு மூலையிலும் டேப் ஒட்டியிருந்ததால் சட்டென்று வரவில்லை. நகத்தால் ஒவ்வொரு மூலையாகப் பிய்த்தார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை.

புதுக் கேபிள் போடும் வேலையைக் கை தூக்கி ஓட்டுப்போட்டு அக்காவுக்கே கொடுத்தார்கள். பதினோரு நாள் வேலை. தினமும் கேட்டில் நோட்டை வாங்கித் தானே எழுதினார். செயலாளர் வீட்டுக்கு மற்ற வீடுகளைவிட மூன்று அடி அதிகமாக வயர் விட்டிருந்தார். இவருக்குப் போய் ஏன் என்று கேட்டேன். "அந்தாளு மேசைய மாத்தி மாத்திப் போடுவாரு. பத்தலன்னா இழுப்பாரு. இழுத்தா என் வேல கெட்டுப்பூடும்" என்றார்.

எங்கள் வீட்டு உரிமையாளரிடமிருந்து போன் வந்தது. கொஞ்சம் கத்தினார். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். அலுவலகத்தில் முதல் எச்சரிக்கைக் கடிதத்தை அவர்கள் திரும்பப் பெறவில்லை. இரண்டாவது கடிதம் வரவில்லை.

வேலை முடிந்த நாள் மாலை அக்கா எங்கள் வீட்டில் டீ குடித்தார். பல நாளாக என் தொண்டையில் இருந்ததை அப்போது சொன்னேன்.

"அக்கா, நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கு நான் பால்கனியில நின்னேன். உங்களைப் பார்த்துட்டு உள்ள போயிட்டேன்."

"தெரியும். துண்டு எடுத்துக்கினு போன. அது காயவே இல்ல."

"அன்னைக்கே நான் கீழ வந்து பேசியிருக்கணும்."

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். நாமெல்லாம் அப்படித்தானே சொல்லிக்கொள்கிறோம். அக்கா டீயை அவசரமில்லாமல் குடித்து முடித்தார்.

"ஆமா. வந்திருக்கணும்" என்றார்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கீழே அவருடைய ஏணி இருந்தது. நீளமான இரும்பு ஏணி. அதைத் தனியாகத் தூக்கிப் போவதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

"ஒரு பக்கம் புடி, வா" என்றார்.

இறங்கிப் போய்ப் பின்முனையைத் தோளில் வைத்துக்கொண்டேன். செயலாளர் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமி ஜன்னலில் இருந்தார். அவர்கள் எல்லோரையும் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருமுனைக் காய்கறி வண்டியைத் தாண்டி, வீட்டுச் செருப்போடு குப்பம் வரைக்கும் அக்காவின் பின்னால் நடந்தேன். வழியில் இரண்டு முறை, "கால மாத்தி வெக்காத, ஆடுது" என்று திட்டினார்.